காய்ச்சல் இல்லை என்பதற்காக ஸ்லைடை நிறுத்தாதீர்கள்

எங்கள் பகுதிப் பொதுச் சுகாதார நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

அரிசி ஆலை, செங்கல் சூளை, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையிடம் என்று செட்டிநாட்டில் தங்கி வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களிடம், இனிமேல் காய்ச்சல் இருந்தால் மட்டும் மலேரியா ஸ்லைடு (நுண்ணோக்கியில் கிருமியைத் தேடக் கண்ணாடித் துண்டில் தடவும் ரத்தம்) எடுத்தால் போதும் என்று களப்பணியாளர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. காய்ச்சல் இல்லாதவர்களுக்கு, ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் கோடு காட்டும் ஆன்டிபாடி அட்டை. அதில் கோடு விழுந்தால் ‘எதிர்ப்புச் சக்தி உள்ளவர்’ என்று பதிவேட்டில் எழுதி அனுப்பிவிடலாம். விழாவிட்டால் ‘தொற்று இல்லை’. எது வந்தாலும் ஸ்லைடு கிடையாது. உத்தரவு எழுத்தில் வரவில்லை. மறுப்பாவது எழுத்தில் இருக்கட்டும் என்று இந்த மடலை எழுதுகிறோம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் மலேரியா ஆய்வகத்திலும் களத்திலும் வேலை பார்க்கிறவர்கள், பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். கிருமி உள்ளே இருந்தும் ஒருவருக்குக் காய்ச்சல் வராமல் அமுக்கி வைத்திருப்பதே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்தான். அதன் கோட்டைப் பார்த்துவிட்டு ஆளை விட்டுவிடுவது, சுடர் தெரியவில்லை என்று உமிக் குவியலுக்குள் கையை விடுவது மாதிரி. ஆலைக்காரர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

மலேரியாவில் காய்ச்சல் எப்போது வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கிருமி சிவப்பணுவுக்குள் பெருகி, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற இரண்டு மலேரியாக் கிருமி வகைகளுக்கும் இதே கணக்கு. உடைபடும் அணுக்களின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டும்போது குளிரும் காய்ச்சலும் வருகின்றன. மலேரியாவையே கண்டிராத காரைக்குடிக்காரருக்கு அந்த அளவு மிகக் குறைவு. ரத்தத்தில் கொஞ்சம் கிருமி ஏறியதுமே படுத்துவிடுவார். ஒடிசாவின் மலைப்பகுதியிலோ சத்தீஸ்கரின் பஸ்தரிலோ பிறந்து, குழந்தையிலிருந்தே வருஷா வருஷம் கடிபட்டு வளர்ந்தவர் கதை வேறு. கிருமியின் மேற்பரப்புப் புரதங்களுக்கு எதிராகவும், தொற்றிய சிவப்பணுவின் மேல் கிருமி நீட்டி வைக்கும் புரதங்களுக்கு எதிராகவும் அவர் உடலில் எதிர்ப்பொருள்கள் சேர்ந்திருக்கும். அவை கிருமி சிவப்பணுவுக்குள் நுழைவதைத் தடுக்கின்றன. தொற்றிய அணுவைப் பிடித்து வெள்ளணுவிடம் ஒப்படைக்கின்றன. கிருமியின் எண்ணிக்கை காய்ச்சல் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. நிற்கிறது என்றுதான் சொல்கிறோம், பூஜ்யம் ஆவதில்லை.

இது அறுபது வருஷத்துக்கு முன்பே நிரூபணமான விஷயம். 1961-இல் காம்பியாவில், மலேரியாவோடு பழகிய பெரியவர்களின் ரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, கடும் மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாட்களில் கிருமி மளமளவென்று குறைந்தது, காய்ச்சல் இறங்கியது. ஆனால் கேமிட்டோசைட் எனப்படும் ஆண், பெண் பாலின வடிவக் கிருமிகளை அந்த ஊசி அசைக்கவில்லை. கொசு உறிஞ்சிக்கொண்டு போய் அடுத்தவருக்குக் கொடுப்பது அந்த வடிவத்தைத்தான். ஆக, ஆளைக் காப்பாற்றும் எதிர்ப்பொருள் ஊரையும் காப்பாற்றும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் உத்தரவு அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

கொரோனாக் காலத்தில் ‘ஆன்டிபாடி இருக்கு, இனி பயமில்லை’ என்ற பேச்சு எல்லோர் வாயிலும் புழங்கியது. அந்தப் பழக்கம் மலேரியாவுக்கும் வந்துவிட்டதோ என்று நினைக்கிறோம். மலேரியாவில், எந்த எதிர்ப்பொருள் எந்த அளவுக்கு இருந்தால் ஒருவருக்குப் பாதுகாப்பு என்று ஒத்துக்கொள்ளப்பட்ட எண் ஒன்று கிடையாது. அட்டையில் விழும் கோடு அளவையும் சொல்லாது, காலத்தையும் சொல்லாது. மருந்து சாப்பிட்டுக் கிருமி முழுவதும் போன பிறகும் சில எதிர்ப்பொருள்கள் மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஏ.எம்.ஏ.-1 என்ற கிருமிப் புரதம், எம்.எஸ்.பி.-1 என்ற கிருமிப் புரதத்தின் 19 கிலோடால்டன் துண்டு ஆகியவற்றுக்கு எதிரானவை அப்படி நீடிப்பவை. எதிர்ப்புறம், புதிதாகத் தொற்றிய ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி தலைகாட்டிச் சில நாள் கழித்துத்தான் எதிர்ப்பொருள் ஏறும். அந்த இடைவெளியில் அட்டை வெறுமையாக இருக்கும், கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கோடு இருந்தாலும் தொற்று இருக்கலாம், கோடு இல்லாவிட்டாலும் இருக்கலாம் என்னும்போது அந்த அட்டையை வைத்து யாரை விடுவது, யாரை நிறுத்துவது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.ஜி.யின் அளவு சாதாரணமாக மூன்று வாரத்தில் பாதியாகும். கிருமியை அழிப்பதில் முக்கியப் பங்குள்ள ஐ.ஜி.ஜி.-3 வகைக்கு அது ஏறக்குறைய ஒரே வாரம். புதிது புதிதாக அதிக அளவில் சுரக்க வைப்பது தொற்றுதான். மலேரியா உள்ள ஊர்களில் அறிகுறியில்லாமல் கிருமியைச் சுமப்பவர்களிடம், கிருமியே இல்லாத அண்டை வீட்டாரைவிட எதிர்ப்பொருள் கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். காரணம் எளிது: உள்ளே இருக்கும் கிருமி ஓயாமல் உசுப்பிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் கோடு விழுந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். நீங்கள் அவரைத்தான் முதலில் விடுகிறீர்கள்.

இதை ஏட்டுப் படிப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒடிசாவில் 2017 முதல் நடக்கும் தமன் முகாம்களில் காய்ச்சல் உண்டா இல்லையா என்று பாராமல் ஊர் முழுவதையும் சோதிக்கிறார்கள். பஸ்தரில் 2020 ஜனவரியில் வீடு வீடாகச் சோதிக்கத் தொடங்கியபோது, தொற்று கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லை. அதுவும் கிருமியின் புரதத்தைத் தேடும் சாதாரண விரைவுச் சோதனை அட்டைக்கு அகப்பட்டவர்கள் மட்டும். அட்டைக்கும் தெரியாத அளவில் சுமந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அந்த ஊர்களிலிருந்து ரயிலேறி இங்கே வந்து இறங்குகிறவர்களுக்கு நாம் காய்ச்சலை அளவுகோலாக வைத்தால், சரிபாதிப் பேரைப் பார்க்கவே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம் என்றே பொருள்.

இனி ஸ்லைடைப் பற்றி. ‘காய்ச்சல் இல்லாதவர்களிடம் எடுத்த ஸ்லைடுகளில் ஒன்றும் வரவில்லையே, வீண் வேலைதானே’ என்பது உங்கள் தரப்பு வாதம். வராததற்குக் காரணம் கிருமி இல்லாததாக இருக்கலாம். ஸ்லைடு எடுத்த விதமாகவும் இருக்கலாம், பார்த்த விதமாகவும் இருக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தடித்த தடவலில் (ஸ்லைடில் தடிமனாகப் பூசிய ரத்தத்தில்) எண்ணெய் லென்ஸ் வழியே ஒரு புலத்தில், அதாவது ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தில், சுமார் 10 முதல் 15 வெள்ளணு தெரியும். 100 புலம் பார்த்தால் 1000 முதல் 1500 வெள்ளணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8000 வெள்ளணு என்று வைத்துக்கொண்டால், 100 புலத்தில் நாம் பார்த்திருப்பது கால் மைக்ரோலிட்டரைக்கூட எட்டவில்லை. மைக்ரோலிட்டருக்கு 5 கிருமி சுமக்கிறவரின் ஸ்லைடில் அந்த 100 புலத்துக்குள் ஒரே ஒரு கிருமி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். 200 புலம் பார்த்தால் பார்க்கும் ரத்தம் இரட்டிப்பு, வாய்ப்பும் கூடும். காய்ச்சல்காரருக்கு 100 புலம் போதலாம். காய்ச்சல் இல்லாதவருக்கு 200-க்குக் குறையக்கூடாது. ஒரு ஸ்லைடுக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். காலையில் அறுபது ஸ்லைடைக் கொடுத்துவிட்டு மாலைக்குள் முடிவு கேட்டால், ஆய்வக நுட்பர் எத்தனை புலம் பார்ப்பார் என்பதை நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

எடுக்கும் இடத்திலேயே கெடுவது அதைவிட அதிகம். இடது கை மோதிர விரல் நுனியைச் சற்றுப் பக்கவாட்டில் ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரலில் லான்செட் ஊசி ஆழமாக இறங்காது; அப்போது பிழிந்து எடுக்கிறார்கள். பிழிந்தால் திசுநீர் கலக்கும், ரத்தம் நீர்க்கும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கிருமியும் இன்னும் குறையும். பிழியாமல் வேறு விரலில் குத்துவதே சரி. சொட்டுகளை ஒன்று சேர்த்து ஒரு சென்டிமீட்டர் வட்டமாகத் தடித்த தடவல் போட வேண்டும். கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து வாசிக்கும்படி இருக்க வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் தடிமன் அதிகம். சாயமேற்றும்போது தட்டு தட்டாக உரிந்து தண்ணீரோடு போய்விடும். அதே ஸ்லைடில் மெல்லிய தடவலை 45 டிகிரி சாய்வில் இழுத்து, அதை மட்டும் மெத்தனாலில் நிலைநிறுத்த வேண்டும். மெத்தனால் தடித்த தடவலைத் தொட்டால், சாயத் தண்ணீரில் கரைந்துபோக வேண்டிய சிவப்பணுக்கள் அப்படியே ஒட்டி நின்றுவிடும். பிறகு கண்ணுக்குத் தெரிவது சிவப்புச் சேறுதான்.

செட்டிநாட்டு வெயிலும் மெத்தனால் செய்கிற வேலையைச் செய்யும். சித்திரை, வைகாசியில் ஸ்லைடுப் பெட்டியை பைக்கின் பெட்ரோல் டேங்க் கவரிலோ, ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழேயோ வைத்துக்கொண்டு நாலு ஊர் சுற்றிவிட்டு வந்தால், தடித்த தடவல் சூட்டிலேயே நிலைத்துப்போகும். அப்புறம் எந்தச் சாயமும் எடுபடாது. வாரக் கடைசிவரை சேர்த்து வைத்து அனுப்பினாலும் அதே கதிதான். சாயம் கரைக்கும் தண்ணீரும் சாதாரணமானதில்லை. போர்வெல் தண்ணீரில் ஜீம்சா சாயத்தைக் கரைத்தால் நிறம் மாறிவிடும். உட்கருவின் சிவப்பும் சைட்டோபிளாசத்தின் நீலமும் பிரிந்து தெரியாது. பி.எச். அளவை 7.2-இலேயே நிறுத்தி வைக்கும் பஃபர் கரைசலில் கரைத்து, 10 சதவீதமென்றால் 10 நிமிஷம், 3 சதவீதமென்றால் 45 நிமிஷம். குறைவான கிருமியைத் தேடும்போது மெதுவான 3 சதவீதமே துப்புரவாக வரும். பஃபர் மாத்திரை பல மாதம் வராமலேயே இருந்ததை உங்கள் சரக்குப் பதிவேட்டில் பார்க்கலாம். இப்படிக் கெட்ட ஸ்லைடுகளில் ‘ஒன்றும் வரவில்லை’ என்பது மலேரியா இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கிருமியின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனை அட்டையை எதிர்ப்பொருள் அட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்; குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. முன்னது ஃபால்சிபாரத்தின் எச்.ஆர்.பி.-2, வைவாக்ஸின் எல்.டி.எச். ஆகிய புரதங்களைக் கண்டுபிடிக்கிறது. நோயைக் கண்டறிய அது ஏற்கப்பட்ட கருவி. அதற்கும் குறை உண்டு. மைக்ரோலிட்டருக்கு 100, 200 கிருமிக்குக் கீழே அது தடுமாறும். எச்.ஆர்.பி.-2 புரதம் கிருமி செத்த பின்னும் வாரக்கணக்கில் ரத்தத்தில் மிதப்பதால், போன மாதம் மருந்து முடித்தவருக்கும் கோடு விழும். அந்த மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. அதற்கு அந்தக் கோடே விழாது. உறையில் அச்சிட்ட வெப்ப வரம்பைத் தாண்டி, மின்விசிறி இல்லாத துணை சுகாதார நிலைய அலமாரியில் கோடை முழுவதும் கிடந்த அட்டையை நம்ப முடியாது. இத்தனை குறைகளோடும் அது கிருமியைத் தேடுகிறது. எதிர்ப்பொருள் அட்டை கிருமியைத் தேடுவதே இல்லை.

இவை எதற்கும் அகப்படாத ஒரு மறைவிடமும் உண்டு. இந்தோனேசியப் பப்புவாவில், விபத்து போன்ற காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். காய்ச்சலே இல்லாத வைவாக்ஸ் தொற்றாளர்களின் உடலில் இருந்த கிருமிகளில் மிகப் பெரும்பகுதி ஓடும் ரத்தத்தில் இல்லை, மண்ணீரலுக்குள் குடியிருந்தது. விரல் நுனியில் வரும் சொட்டு, உள்ளே இருப்பதன் ஓரத்தைத்தான் காட்டுகிறது. போதாக்குறைக்கு வைவாக்ஸ் கல்லீரலிலும் உறங்கும். ஆகவே ஒரு முறை பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் போதாது. வந்து இறங்கியதும் ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

‘அவருக்கே தொந்தரவில்லை, நமக்கென்ன’ என்ற பேச்சும் காதில் விழுகிறது. தொந்தரவில்லை என்பதே சரியில்லை. மாதக்கணக்கில் குறைந்த அளவில் கிருமி சுமப்பவருக்கு ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகும். ‘பையன் சோம்பேறி’ என்று மேஸ்திரி திட்டுவார். சூளைகளுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். ஃபால்சிபாரம் நச்சுக்கொடியில் தங்கும்போது தாய்க்குக் காய்ச்சலே இல்லாமல் குழந்தை எடை குறைந்து பிறக்கும். பழைய தொற்றில் சேர்ந்த எதிர்ப்பொருள் முதல் கர்ப்பத்தில் இதைத் தடுக்காது. நச்சுக்கொடியில் ஒட்டும் கிருமியின் புரதமே வேறு. அதற்கான எதிர்ப்பொருள் கர்ப்பங்களின்போதுதான் சேரும். எனவே ‘எதிர்ப்புச் சக்தி உள்ளவர்’ என்று ஒரு கர்ப்பிணியின் பெயருக்கு நேரே எழுதுவது ஆபத்தானது. ஏற்கெனவே அப்படி எழுதியிருந்தால் முதலில் அந்த வரிகளைத் தேடிப் பிடியுங்கள்.

ஊருக்கு என்ன என்பதற்கு வருவோம். தமிழ்நாட்டு நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரில் முட்டையிடும் கொசு. ஆலையில் நெல் ஊறும் தொட்டியின் நாற்றத் தண்ணீரைக் காட்டி ‘இங்கேதான் கொசு’ என்று மருந்தடித்துவிட்டுப் போகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். மலேரியாக் கொசு, தொழிலாளர் கொட்டகைக்கு மேலே மூடியில்லாமல் நிற்கும் குடிநீர்த் தொட்டியில் இருக்கும். ஒரு கரண்டித் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் போதும். தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடப்பது அனோபிலிஸ். ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் பதமாக ஊறும் தொட்டிகள், ஆள் குடியில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கிணறுகள், புதுப்பிப்பு வேலைக்கு வளவில் தோண்டி வைத்த சிமென்ட் தொட்டிகள் எல்லாம் அதற்கு ஏற்ற இடம். பூட்டிய வீட்டுச் சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் கதவில் தேதி எழுதிவிட்டு வந்துவிடுவார்.

தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போன தொழிலாளர்கள் ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் திரும்புகிறார்கள். நமக்கு அப்போதுதான் மழை. கிணறும் ஊரணியும் நிறைந்திருக்கும். நம் ஊர்ச் சூட்டில் கிருமி கொசுவுக்குள் முற்றுவதற்கு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் போதும். கடிபடும் உள்ளூர்க்காரருக்கு எதிர்ப்பொருள் கிடையாது. காய்ச்சல் வந்தால் டெங்கு பார்ப்பார்கள், டைபாய்டு பார்ப்பார்கள். மலேரியா நாலாவதாக நினைவுக்கு வரும். ஃபால்சிபாரமாக இருந்தால் அந்தத் தாமதமே உயிருக்கு உலை.

கடலுக்கு அக்கரையில் இலங்கை 2016-இல் மலேரியா ஒழிந்த நாடாகச் சான்றிதழ் பெற்றது. அதற்குப் பிறகு 2018-இல் அங்கே உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கொசு வழியே வைவாக்ஸ் தொற்றியது. மூலம் இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன ஒரு தொழிலாளி. அவர்கள் தேடிக்கொண்டே இருந்ததால் அது ஒன்றோடு நின்றது. நம் நாடு 2027-க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்யமாக்கவும் 2030-க்குள் மலேரியாவை ஒழிக்கவும் இலக்கு வைத்திருக்கிறது. தேடுவதை நிறுத்திவிட்டால் பூஜ்யம் காகிதத்தில் உடனே வந்துவிடும். ஆண்டுக்கு மக்கள்தொகையில் 10 சதவீதம் பேரின் ரத்தம் பார்க்க வேண்டும் என்ற கணக்கையும் வெளிநோயாளிப் பிரிவில் சளிக்காய்ச்சலுக்கு வந்த உள்ளூர்க்காரர்களின் ஸ்லைடை வைத்தே நிரப்பிவிடலாம். எண் சரியாக இருக்கும். பார்க்க வேண்டியவரைப் பார்த்திருக்க மாட்டோம்.

இதை வைத்து ‘வடக்கத்திக்காரன் கொண்டுவந்த நோய்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். கிருமி எங்கிருந்து வந்தாலும் கொசு நம்முடையது, மூடாத தொட்டி நம்முடையது. கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யக் கடல் கடந்து போன ஊர் இது.

எதிர்ப்பொருள் சோதனையே வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. தனியாளை விடுவிக்க அது உதவாது. ஒரு ஊரைப் படிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. இங்கேயே பிறந்து வெளியூரில் தங்காத 1 முதல் 9 வயதுக் குழந்தைகளின் ரத்தத்தில் மலேரியா எதிர்ப்பொருள் இருந்தால், இங்கே கொசு கடித்துத் தொற்றியிருக்கிறது என்று பொருள். காய்ச்சல் பதிவேட்டில் வராத தொற்றும் அதில் தெரிந்துவிடும். ஒரு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக்கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருக்கலாம். வைவாக்ஸுக்கு எட்டுப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் சேர்த்துப் பார்த்து, கடந்த ஒன்பது மாதத்துக்குள் தொற்று நேர்ந்ததா என்று சுமார் 80 சதவீதத் துல்லியத்தில் சொல்லும் முறை 2020-இல் வெளியாகியிருக்கிறது. அதுவும் ஆய்வகத்தில் அளவெடுத்துச் செய்வது. கோடு பார்க்கும் அட்டையால் ஆகாது.

செய்வதானால் செய்யும் முறையில் செய்ய வேண்டும். வடிதாளில் ரத்தம் சொட்டுக்குச் சுமார் 50 மைக்ரோலிட்டர், ஒன்றின் மேல் ஒன்று படாமல். நிழலில் குறைந்தது நாலு மணி நேரம் காய வேண்டும். மழைக்காலத்தில் இரவு முழுவதும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் பூஞ்சணம் பூத்து எதிர்ப்பொருள் சிதையும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஒவ்வொரு தாளையும் தனிப் பையில், சிலிக்கா ஜெல்லோடு. ஜெல்லின் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். நாளான தாள்களை மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனைத் தட்டு ஒவ்வொன்றிலும் தெரிந்த நேர்மறை ரத்தத்தின் நீர்ப்பு வரிசையும் மலேரியா காணாதவர்களின் மாதிரிகளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு குழியில். நேர்மறையையும் எதிர்மறையையும் பிரிக்கும் எல்லை அளவை வெளியூர்க் கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டினால் நம் குழந்தைகளில் பாதிப்பேர் நேர்மறையாகிவிடுவார்கள். இல்லையென்றால் ஒருவரும் ஆகமாட்டார்கள். அதே தாளின் இன்னொரு சொட்டை பி.சி.ஆர். சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

எதிர்ப்பொருள் அட்டையை வைத்து ஆட்களை வகைப்படுத்துவதை உடனே நிறுத்தி, அதை எழுத்தில் அறிவியுங்கள். இதுவரை ‘எதிர்ப்புச் சக்தி உள்ளவர்’ என்று எழுதப்பட்ட ஒவ்வொருவரையும் 15 நாளுக்குள் மறுபடி பார்த்து ஸ்லைடும் கிருமிப் புரத அட்டையும் எடுங்கள். கர்ப்பிணிகளை முதல் மூன்று நாளுக்குள். பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

மலேரியா மிகுந்த மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களை, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த ஒரு வாரத்துக்குள்ளும் ஒரு மாதம் கழித்தும் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலைக்கே போங்கள். பகலில் கொட்டகையில் தூங்குகிறவரை எழுப்பிக் குத்தினால் அடுத்த முறை கதவு திறக்காது. ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். சோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று ஆலை உரிமையாளர்களிடமும் காண்ட்ராக்டர்களிடமும் எழுதி வாங்குங்கள்.

காய்ச்சல் இல்லாதவரின் ஸ்லைடு 200 புலம், ஒரு நுட்பருக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 20 ஸ்லைடு என்று வரம்பு வையுங்கள். பஃபர் மாத்திரை, மெத்தனால், லான்செட் மூன்றும் மூன்று மாத இருப்புக்குக் குறையாமல் இருக்கட்டும். எடுத்த 24 மணி நேரத்துக்குள் ஸ்லைடு ஆய்வகம் சேர வாகனம் கொடுங்கள்.

தொற்று கண்டவருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் முழு மருந்து. வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் மூன்று நாள்: பெரியவருக்கு 4, 4, 2 மாத்திரை. கூடவே பிரைமாகுயின் 15 மில்லிகிராம் வீதம் 14 நாள். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தோடு இரண்டாம் நாள் பிரைமாகுயின் 45 மில்லிகிராம் ஒரே வேளை; கேமிட்டோசைட்டை முடிப்பது அதுதான். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர் 14 நாள் மாத்திரையை நாலாம் நாளே நிறுத்திவிடுவார். வெறும் வயிற்றில் போட்டால் இரண்டாம் நாளே. ஆகவே ஆலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரே நின்று விழுங்க வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பிரைமாகுயின் சிலருக்குச் சிவப்பணுவை உடைத்துவிடும்; அவர்களை முன்கூட்டியே கண்டறியும் ஜி-6-பி.டி. சோதனையை வட்டார அளவில் கொண்டுவாருங்கள். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லும் துண்டுச் சீட்டை அவரவர் மொழியில் அச்சிட்டுக் கொடுங்கள். கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது என்பதை அதே சீட்டில் போடுங்கள்.

ஆலைகளையும் சூளைகளையும் சுற்றியுள்ள பள்ளிகள், அங்கன்வாடிகளில் பெற்றோர் சம்மதத்தோடு உள்ளூர்க் குழந்தைகளின் வடிதாள் மாதிரி எடுக்க அனுமதி கொடுங்கள். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் கொசுவழி நோய்களுக்கான நிலையமும், சென்னையில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் களப்பிரிவும் இருக்கின்றன. எலைசாவுக்கும் பி.சி.ஆருக்கும் அவர்களிடம் நீங்கள் எழுதிக் கேளுங்கள். மாதிரி எடுத்து, காயவைத்து, அடையாளமிட்டு அனுப்பும் வேலையை நாங்கள் சம்பளமில்லாமல் செய்துகொடுக்கிறோம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கிணறு, தொட்டிகளைப் பார்க்க நகரத்தார் சங்கங்கள் வழியாகச் சாவி வாங்கும் முறையை நகராட்சி, பேரூராட்சிகளோடு பேசி முடிவு செய்யுங்கள். கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாம். தொட்டிக்கு மூடி போட வேண்டும்.

இந்த மடலுக்கான பதிலை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம், இல்லை, ஏன் என்று பிரித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எழுத்தில் தரக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார மலேரியா ஆய்வக, களப்பணியாளர்கள்
(பணியில் உள்ளோரும் ஓய்வு பெற்றோரும்)